சிலேட்டில் அழித்த பெயர்

முதல் அறிகுறி எனக்குச் சாம்பார் அண்டாவுக்கு முன்னால் வந்தது. அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து, அசனத்துக்கு (சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து) அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சபையில் பதினோரு வருடமாக அந்த அண்டாவைக் கிண்டியவன் நான்தான். புகை ஏறி இருமல் வந்தது. தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தேன். துண்டில் சிவப்பாக ஒரு பொட்டு.

தக்காளி என்று நினைத்தேன். தக்காளியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதே உண்மை. துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கடைசிப் பந்தி எழும் வரை நின்று பரிமாறினேன். காற்றில் பரவும் நோயை வைத்துக்கொண்டு குழந்தைகளின் இலைமேல் குனிந்து பேசியதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நான் படித்தவன் இல்லை. கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் பட்டறையில் பிட்டராக இருந்தவன். எழுபதுகளின் நடுவில் நடந்த இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே நோயோடு மாத்திரைப் பொட்டலத்தை எதிரே வைத்துக்கொண்டு, 'இதை விழுங்கினால் என் விசுவாசம் குறைந்துபோகுமோ' என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யாராவது இருக்கலாம். அவருக்கு நான் செய்த தப்பு தெரிந்திருக்க வேண்டும்.

என் மனைவி எஸ்தர்தான் என்னைக் கிளினிக்குக் கூட்டிப்போனாள். அலிப்பூர்ப் பக்கம் இருந்த மார்பு நோய்க் கிளினிக் அது. நீள வராந்தா, இரண்டு பக்கமும் பெஞ்சு. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், வலது நுரையீரலின் மேல்பாகத்தில் கேவிட்டி (நோய் அரித்த குழி) இருக்கிறது என்றார். சளியிலும் கிருமி இருந்தது. காசநோய். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரைகள். ஊசி நின்ற பிறகும் மாத்திரை, எல்லாம் சேர்த்து ஒன்றரை வருடம். டாக்டர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொன்னார்: நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் நாளில்தான் எல்லாரும் மருந்தை விடுகிறார்கள், விட்டுவிடாதே.

ஊசி போடுகிற கம்பவுண்டர் நிமாய்தா காளிகாட்காரர். கோயிலுக்குப் போய்விட்டு வந்த அடையாளமாகக் காதில் ஒரு செம்பருத்தி இருக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் மருந்துக் குப்பியை நெற்றியில் தொட்டுக்கொள்வார். வயதில் எனக்கு மூத்தவர், இருந்தும் என்னைத் 'தாதா' (அண்ணன்) என்பார். நான் அவரை நிமாய்தா என்பேன், அந்தத் 'தா'வுக்கும் அண்ணன் என்றுதான் அர்த்தம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அண்ணனாக இருந்தோம்.

நோயாளியாக இருப்பது எனக்குத் தெரியாத தொழில். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கஞ்சியும் ஆரஞ்சுப் பழமும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் தமிழ் நோயாளிகளைப் பார்த்தவன் நான். பந்தல் போட, பெஞ்சு தூக்க, சாவு வீட்டில் பெட்டி சுமக்க என்று எல்லாவற்றுக்கும் முதலில் கூப்பிடுவது இந்தத் துரைராஜைத்தான். பரலோக வாசலில் என் காலடிச் சத்தம் கேட்டாலே கதவு திறந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டால், கிருபையினால்தான் இரட்சிப்பு என்று மனப்பாடமாகச் சொல்லியிருப்பேன்.

'கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே' என்று ஒரு வாக்கு உண்டு. அதுவரை என் கை கீழே போனதே இல்லை. இப்போது அடுத்த வீட்டு வங்காளி அம்மாள் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தால், அடுப்படியிலிருந்து எதையாவது எடுத்துக் கிண்ணத்தில் போட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எஸ்தரை விரட்டுவேன். வெறுங்கிண்ணமாக அனுப்ப மனசு வராது.

இனி அந்தச் சிலேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் சிலர் சனிக்கிழமை சாயங்காலம் அருளப்பன் அண்ணன் வீட்டில் ஜெபத்துக்குக் கூடுவோம். மூன்றாம் மாடி. அங்கே சுவரில் ஒரு பெரிய சிலேட்டுப் பலகை. யாருக்கு வியாதியோ அவர் பெயரைச் சாக்கட்டியால் எழுதி வைத்திருப்பார்கள். வாரா வாரம் ஒவ்வொரு பெயராக வாசித்து ஜெபிப்பது. சுகம் பெற்றவர் எழுந்து சாட்சி சொல்லி, தன் பெயரைத் தன் கையாலேயே அழிக்க வேண்டும். அப்போது எல்லாரும் ஒரே குரலாக 'ஸ்தோத்திரம்' சொல்லுவார்கள். கேட்கும்போது மயிர் கூச்செறியும்.

என் பெயருக்குக் கீழே ரூபியின் பெயர் இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மனைவி, கைப்பிள்ளைக்காரி. அவளுக்கும் இதே நோய், இதே கிளினிக். எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவள்.

நான்காம் மாதம் எனக்கு இருமல் நின்றது. சாயங்காலக் காய்ச்சல் போயிற்று. உடம்பு தேறிச் சட்டை பிடிக்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை ஜெபத்தின் நடுவில் நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவினது போல இருந்தது. எழுந்தேன். கர்த்தர் என்னைத் தொட்டுச் சுகமாக்கிவிட்டார் என்று சாட்சி சொன்னேன். பலகைக்குப் போய்த் துரைராஜ் என்ற பெயரை உள்ளங்கையால் துடைத்தேன். அந்த 'ஸ்தோத்திரம்' மாடிப்படியில் இறங்கி வீடு வரைக்கும் என் கூடவே வந்தது.

மறுநாள் காலையில் எஸ்தர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். நான் வேண்டாம் என்றேன். சுகமானேன் என்று சொன்ன வாயால் மாத்திரையை விழுங்கினால் என் சாட்சி பொய்ச்சாட்சி ஆகிவிடுமே. பெயரை அழித்தவன் மருந்து சாப்பிடலாமா? யாரும் எனக்கு அப்படிப் போதிக்கவில்லை. அருளப்பன் அண்ணன் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. எல்லாம் நானாகக் கட்டிக்கொண்டது. மருந்து கிரியை (மனுஷன் தன் முயற்சியால் செய்வது), விட்டுவிடுவது விசுவாசம் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஊசிக்கு வராதவனைத் தேடி நிமாய்தா சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். காளிகாட் எங்கே, கார்டன் ரீச் எங்கே. சித்திரை வெயில். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுகமாகிவிட்டேன் என்று சொன்னேன். சந்தோஷம் என்றார். அப்படியானால் வந்து சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். நான் தலையாட்டினேன், போகவில்லை. என் கிளினிக் அட்டையைத் தனியே எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

ஏழாவது வாரம் பட்டறையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாய் நிறைய ரத்தம் வந்தது. இந்தத் தடவை தக்காளி என்று சொல்லிக்கொள்ள வழி இல்லை.

வீட்டில் கட்டிலில் கிடந்தேன். எனக்குச் சாவைவிடப் பெரிய பயம் என் விசுவாசம் போதவில்லையே என்பதுதான். எங்கே குறை வைத்தேன், இன்னும் கொஞ்சம் உறுதியாய் நின்றிருந்தால் என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். எஸ்தர் ரத்தத் துணியை அலசிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். அதிகம் பேசுகிறவள் இல்லை அவள்.

"நீங்க என்னதான் நெனச்சிட்டிருக்கிய? அண்டா கிண்டுனதும் நீங்க. ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதும் நீங்க. இப்ப விசுவாசமும் நீங்களே முழுசாப் பண்ணி முடிச்சிட்டிய. கர்த்தருக்கு என்ன வேலைதான் மிச்சம் வச்சிருக்கிய? அவரு சும்மா நின்னு வேடிக்கை பாக்கணுமா?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"வெயில்ல சைக்கிள மிதிச்சிக்கிட்டு ஒரு மனுசன் வந்தாரே, அவரை யாரு அனுப்புனான்னு நெனச்சிய?"

பட்டறையில் என் மேஸ்திரி ஒரு வாக்குச் சொல்வார்: 'போல்ட்டை முறுக்குகிறவன் எல்லாம் பிட்டர் இல்லை, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் பிட்டர்.' அளவுக்கு மேல் முறுக்கினால் மரை தேய்ந்துபோகும். பிறகு அந்தப் போல்ட் எதையும் பிடிக்காது. நான் விசுவாசத்தை அப்படி முறுக்கியிருந்தேன். கிரியையினால் கதவைத் திறக்கப் பார்த்தவன், அது தப்பு என்று விசுவாசத்துக்கு வந்து, அந்த விசுவாசத்தையும் ஒரு கிரியையாக்கிக் கதவை இடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து ஒருவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் ரிக்ஷாவில் கிளினிக்குப் போனோம். என்னை இழுத்துப்போன ரிக்ஷாக்காரர் என்னைவிட மெலிந்தவர். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாதியில் விட்ட மருந்துக்குக் கிருமி பழகிப்போயிருக்கலாம், அப்படி ஆகியிருந்தால் பழைய மருந்து வேலை செய்யாது என்றார். கல்ச்சர் (சளியில் இருக்கும் கிருமியை வளரவிட்டு, எந்த மருந்துக்கு அது மடிகிறது என்று பார்க்கும் பரிசோதனை) செய்ய அனுப்புவதாகவும், முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னார். அதுவரை முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பம். ஒன்றரை வருடமும் புதிதாக.

நிமாய்தா என் அட்டையை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தார். தனியாக வைத்திருப்பதாகச் சொன்னது சும்மா சொன்னது இல்லை. குப்பியை நெற்றியில் தொட்டுக்கொண்டு ஊசி போட்டார். பிறகு தன் பாஷையில் ஒரு வாக்குச் சொன்னார்.

"ஜொதொக்கோன் ஷாஷ், தொதொக்கோன் ஆஷ், தாதா."

மூச்சு இருக்கும் வரை நம்பிக்கை இருக்கும் என்று அர்த்தம். நுரையீரல் கெட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு வாக்கு கிடையாது.

நான் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர் இன்னொரு அட்டையைக் காட்டினார். ரூபியின் அட்டை. அவளும் மூன்று வாரமாக வரவில்லை. அவள் வீட்டுக்கும் போனாராம். 'துரைராஜ் அண்ணாச்சி மருந்தை விட்டுவிட்டுச் சுகமாக இருக்கிறார், நானும் விட்டுவிட்டேன்' என்றாளாம்.

கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் ரத்தத்தைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. நான் ஜெபத்துக்குப் போகாத ஒரு சனிக்கிழமை அவள் எழுந்து சாட்சி சொல்லித் தன் பெயரை அழித்திருக்கிறாள். அவள் இடுப்பில் எட்டு மாதப் பெண்குழந்தை.

சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்குவது எங்கள் ஆட்கள் நடுவில் சாதாரண காரியம் இல்லை. விசுவாசத்தில் விழுந்துபோனவன் என்று பேர் வரும். இருந்தாலும் வேறு வழி இல்லை. அந்த வாரம் சனிக்கிழமை எஸ்தர் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். குழந்தைகள் இருக்கிற அறைக்குள் போகாமல், வாசலை ஒட்டிய ஜன்னலோரம் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான்கு வாக்கியம்தான் சொன்னேன். எனக்கு நோய் திரும்பிவிட்டது. மருந்தை நான்தான் விட்டேன், கர்த்தர் விடச் சொல்லவில்லை. சாட்சி சொன்னது அவருக்காக இல்லை, அந்த ஸ்தோத்திரச் சத்தத்துக்காக. என்னைப் பார்த்து மருந்தை விட்டவர்கள் தயவுசெய்து திரும்பப் போங்கள்.

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப நாங்க அன்னைக்குச் சொன்ன ஸ்தோத்திரத்த என்ன செய்ய? திரும்ப வாங்கிக்கிடணுமோ?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அருளப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. "அது அங்கேயே கெடக்கட்டும். வீணாப் போகாது" என்றார். பிறகு என்னிடம் வந்து சாக்கட்டியை நீட்டினார். "எழுதுங்க தம்பி."

வாய்த்துணியை இறுக்கிக்கொண்டு பலகைக்குப் போனேன். எழுத்து கோணிப்போயிற்று. துரைராஜ் என்று எழுதினேன்.

நான் ரூபியைப் பார்த்தேன். அவள் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்ததும், தள்ளி நின்றே என்னிடம் சொன்னாள்: "வருத்தப்படாதிய அண்ணாச்சி. உங்களுக்கு விசுவாசம் கொறஞ்சிட்டு. எனக்குக் கொறையல."

சொல்லும்போதே இருமினாள்.

நான் எதுவும் வாதாடவில்லை. வாதாட எனக்குத் தெம்பும் இல்லை, யோக்கியதையும் இல்லை. விசுவாசத்தைப் பற்றிப் பவுல் சொன்னதையும் கிரியையைப் பற்றி யாக்கோபு சொன்னதையும் எடுத்துவைத்துப் பேசுகிற ஆள் நான்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. வந்தது இது மட்டும்தான்:

"சரிம்மா. திங்கக்கெழம நான் ஊசிக்குப் போகணும். எஸ்தருக்கு அன்னைக்கு வேற சோலி இருக்கு. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு. வராந்தா வரைக்கும் கூட வருவியா?"

என் வாழ்நாளில் ஒருத்தரிடம் நான் கேட்ட முதல் உதவி அது. அதில் கொஞ்சம் சூது இருந்ததா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். இருந்திருக்கலாம். ஆனால் பயம் நிஜம். எஸ்தர் தோளைப் பிடிக்காமல் படி ஏற முடியாதது நிஜம்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். குழந்தையை எஸ்தரிடம் விட்டுவிட்டு வந்தாள். எஸ்தருக்கு அன்றைய சோலி அதுதான். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டேன். வராந்தாவில் என் சட்டைக் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். நிமாய்தா எனக்கு ஊசி போட்டார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் வந்தாள். புதன்கிழமையும் வந்தாள். வியாழக்கிழமையும் வந்தாள்.

வெள்ளிக்கிழமை நிமாய்தா என் குப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குப்பியை வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து நெற்றியில் தொட்டுக்கொண்டார். ரூபி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது எனக்கா?" என்று இந்தியில் கேட்டாள்.

"தினமும் வைக்கிறேன் திதி (அக்கா). தினமும் திரும்ப எடுத்து வைக்கிறேன்," என்றார் அவர்.

அவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

என் கல்ச்சர் முடிவு மழைக்காலத்தில் வந்தது. கிருமி இன்னும் பழைய மருந்துக்கே மடிகிறது என்றார் டாக்டர். ரூபியின் சளி அதற்கு முன்பே சுத்தமாகியிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தகுதிக்கு மிஞ்சிய இரக்கம் என்று இன்றும் சொல்வேன். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. அதே பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்து, ஒரு நாளும் மருந்து தவறாமல் சாப்பிட்டு, பிழைக்காமல் போனவர்களும் உண்டு. அவர்கள் விசுவாசத்தில் குறை என்று சொல்ல எனக்கு நாக்கு கிடையாது.

அந்த ஒன்றரை வருடத்தில் நான் கற்றது கொஞ்சம்தான். காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொள்வேன். முதலில் அதைப் பார்த்தால் அவமானமாக இருந்தது. பிறகு எப்போது என்று தெரியாமல் அது மாறிவிட்டது. திருவிருந்தில் அப்பத்துக்குக் கையை நீட்டுகிற மாதிரியே இதற்கும் நீட்டுகிறேன் என்று ஒரு நாள் கவனித்தேன். கையை நீட்டுவதும் ஒரு செயல்தான். அதனால் ஒன்றையும் சம்பாதித்ததாக ஆகாது. ஏற்கெனவே கொடுத்ததை வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவே. இரட்சிப்பைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மீதியைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

ரூபி வேறு விதமாகச் சொல்லுவாள். "அண்ணாச்சி, அன்னைக்கு ஒங்கள கூட்டிட்டுப் போனது என்னோட நல்ல கிரிய. ஊசி போட்டது அதுக்கு விழுந்த தண்டனை."

அடுத்த வீட்டு அம்மாளின் கிண்ணம் இப்போதெல்லாம் வெறுமையாகவே திரும்பிப் போகும். நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி அனுப்புவோம். அவருக்கு அதில் சந்தோஷம்தான் என்று தெரிய எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

சிலேட்டு வழக்கம் மாறிவிட்டது. இப்போது யாரும் தன் பெயரைத் தானே அழிப்பதில்லை. கிளினிக்கில் அட்டையை முடித்துக் கொடுத்த பிறகு, வேறொருவர் அழிக்க வேண்டும். மறுபடி எழுதியிருந்த ரூபியின் பெயரை நான் ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு மாதம் கழித்து என் பெயரை அவள் துடைத்தாள். அன்றைக்கு 'ஸ்தோத்திரம்' கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

என் வலது நுரையீரலின் மேல்பாகம் சுருங்கித் தழும்பாகிவிட்டது. மழை வரப்போகிற நாளில் அந்த இடம் எனக்கு முன்கூட்டியே சொல்லும். அண்டா கிண்டுகிறது வேறு ஆள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உப்புப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் அருளப்பன் அண்ணன் வீட்டுக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினவன், இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூன்று மூச்சு விடுகிறேன். முதல் மூச்சு எனக்கு. இரண்டாவதில் நிமாய்தாவையும் அந்த ரிக்ஷாக்காரரையும் நினைத்துக்கொள்கிறேன். மூன்றாவதுக்கு யோசனை ஒன்றும் கிடையாது, அது தானாக வருகிறது.

நான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கும்போது மேலே பாட்டு தொடங்கிவிடும். ரூபி மகளை முன்னால் அனுப்பிவிட்டு, நான்கு படி மேலே நின்று திரும்பிப் பார்ப்பாள். "வாங்க அண்ணாச்சி, மொத சரணம் போச்சு" என்று கையை நீட்டுவாள்.

போகட்டும். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன்.